பழநி நடைக்கு எந்த டார்ச்?

தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல்லிலிருந்து பழநி செல்லும் சுமார் 60 கிலோமீட்டர் சாலையில் இரவிலும் ஆள் நடமாட்டம் ஓயாது. நகரத்தார் காவடிகூட குன்றக்குடியில் தொடங்கி நத்தம், திண்டுக்கல் தாண்டித்தான் போகிறது. வெயிலுக்குப் பயந்து பலர் பின்னிரவிலேயே கிளம்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் கையில் மூணு கட்டை டார்ச் இருக்கும். இப்போது சட்டைப்பைக்குள் அடங்கும் எல்.இ.டி. லைட். அட்டைப்பெட்டியில் ‘500 மீட்டர்’, ‘1 கிலோமீட்டர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

அந்த மீட்டர் கணக்குக்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் 2009-இல் வந்த ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 தரவிதிப்படி, டார்ச்சின் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும்தான் அதன் வீச்சு. தெளிந்த வானில் முழுநிலவு தரையில் தரும் வெளிச்சமும் ஏறக்குறைய இவ்வளவே. தைப்பூசமோ பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆக, அன்றிரவு உங்கள் டார்ச் தன் வீச்சின் கடைசி மீட்டரில் தருவதை நிலா காசு வாங்காமலே தந்துகொண்டிருக்கும்! பூசத்துக்கு நாலைந்து நாள் முன்னால் நடப்பவர்கள் பாடுதான் சிரமம். வளர்பிறை நிலா விடிவதற்கு வெகுமுன்பே மறைந்துவிடும்.

கடையில் எல்லோரும் கேட்பது லூமன். டார்ச்சிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி அது. எட்டத்தில் போய் விழுவதைத் தீர்மானிப்பது காண்டெலா, அதாவது ஒரு திசையில் ஒளி எவ்வளவு செறிந்திருக்கிறது என்பது. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். எனவே 200 மீட்டருக்கு 10,000 காண்டெலா போதும் என்றால், 400 மீட்டருக்கு 40,000 வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சம். சிறிய டார்ச்சில் இதை எட்டுவது எளிதல்ல. ஒளிரும் பரப்பு சிறிதாகவும் மிகப் பிரகாசமாகவும் இருக்க வேண்டும்; முகப்பிலுள்ள குழியாடியோ அகலமாக இருக்க வேண்டும். அதே எல்.இ.டி.க்கு முகப்பின் விட்டத்தைப் பாதியாக்கினால் காண்டெலாவும் கால்பங்காகிவிடும். விரல் தடிமன் லைட்டில் ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

சரி, நடப்பவருக்கு அவ்வளவு தூரம் எதற்கு? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் பத்து மீட்டரைக் கடக்க ஏழு வினாடி ஆகும். சமவெளியில் ஆபத்து காலடியில்தான். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடுபவை. எட்டத்தில் குவியும் ஒற்றை வட்டத்தையே பார்த்து நடந்தால், அந்தப் பிரகாசத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பக்கத்து இருட்டு இன்னும் கறுத்துத் தெரியும். பாதையோரம் கிடப்பது கண்ணில் படாது.

நெடுவீச்சு டார்ச் உண்மையில் உதவுவது சிறுமலை, கன்னிவாடி மலையடிவாரத் தோட்டங்களில் காவல் இருப்பவர்களுக்கு. காட்டுமாட்டின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. அதனால் உடல் தெரியாத தொலைவிலும் கண் மின்னும். விலகிப்போக அவகாசம் கிடைக்கும்.

பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்கள். 18650 என்ற லித்தியம் பேட்டரியின் பெயரே அதன் அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல தயாரிப்பிலேயே அதன் கொள்ளளவு சுமார் 3,500 எம்.ஏ.எச். என்ற அளவில்தான் நிற்கிறது. மேலே 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த டார்ச்சின் மற்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை.

என் தேர்வைக் கேட்டால், 150 மீட்டர் வீச்சு, அதாவது ஐயாயிரத்துச் சொச்சம் காண்டெலா, நடைக்குத் தாராளம். நடுவட்டத்தைச் சுற்றி அகலமாக ஒளி சிந்த வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்துவைக்கும் வசதியும் வேண்டும். எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணில் அடிக்காமல் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்றை மறக்காமல் ஒட்டிக்கொள்ளுங்கள். வண்டியின் விளக்கொளியை வந்த திசைக்கே அது திருப்பியனுப்பும். டார்ச் இருந்தால் உங்களுக்குச் சாலை தெரியும். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய ஸ்டிக்கர்தான் வேண்டும்.