கூடியது எத்தனை பரிவலு?

டர்போ பொருத்திய காரொன்றின் புகைக்குழாயை மாற்றியவர், "வலு கூடிவிட்டது" என்று மகிழ்வதைக் கண்டிருப்பீர்கள். ஓசை மிகுந்தால் வலுவும் மிகுந்ததென நம்புவது செவியின் இயல்பு. பணம் கொடுத்தவருக்கு அந்நம்பிக்கை இன்னும் எளிது!

உண்மையை அறிய, காரின் சக்கரங்களை டைனமோமீட்டர் என்னும் கருவியின் உருளைமேல் ஓடவிடுவர். கனத்த அவ்வுருளை எவ்வளவு விரைவாக வேகம் பெறுகின்றதென்பதைக் கொண்டு பரிவலுவைக் கணிப்பது ஒரு முறை. கிடைப்பது சக்கரத்தை அடைந்த வலுவே. பற்சில்லுகளில் இழந்தது இதில் அடங்காது.

டர்போ விடயத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயு சுழலியைச் சுழற்ற, அது உட்புகும் காற்றை அமுக்குகின்றது. அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சூடு மிஞ்சினால், எஞ்சினுக்குத் தீங்கு நேராவண்ணம் அதன் கணினி தீப்பொறியைப் பிந்தச் செய்யும், வலு குறையும். ஆகவே சூடேறிய காரை முதலில் அளந்து, புதிய உறுப்பைப் பூட்டி முடிவதற்குள் அது ஆறிவிட, மீண்டும் அளந்தால், உறுப்பு ஒன்றுஞ் செய்யாதிருந்தும் வலு கூடியதாகவே கருவி காட்டும்.

வானிலைக்கேற்பக் கணக்கைத் திருத்துவதிலும் கவனம் வேண்டும். ஏறத்தாழ 1600 மீற்றர் உயரத்திலுள்ள அமெரிக்க நகரமாகிய டென்வரில் காற்று ஐதானது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே வலுவிழக்கும். டர்போவோ விரைந்து சுழன்று அக்குறையிற் பெரும்பகுதியைத் தானே ஈடுசெய்யும். அதன்மேல் முழுத் திருத்தத்தையுங் கூட்டினால், இல்லாத பரிவலு ஏட்டில் ஏறும்.

எனவே ஒரே உருளையில், ஒரே நாளில், ஒரே பெற்றோலுடனும் ஒரே கியரிலும், மாற்றத்திற்கு முன்னர் மூன்று முறையும் பின்னர் மூன்று முறையும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். உட்செல்லும் காற்றின் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் உடன் குறித்தல் வேண்டும். முதல் மூன்று ஓட்டங்களுக்குள்ளேயே 5 பரிவலு வேறுபட்டிருப்பின், புதிய உறுப்பினால் 5 பரிவலு கூடியதென்று சொல்ல இடமில்லை.