காயலாங்கடைத் துணி

வெள்ளைச் சட்டையில் துருக்கறை பட்டுவிட்டால் எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடுவோம். ஜப்பானியத் துணி வடிவமைப்பாளர் ரெய்கோ சுடோ தேடிப்போனது துருவை. ரேயான் துணியில் ஆணிகளைப் பரப்பி, ஈரத்தில் துருப்பிடிக்கவிட்டு 1994-இல் அவர் உருவாக்கிய துணிக்குப் பெயர் 'ஸ்கிராப்யார்டு'. நம் பேச்சில் சொன்னால் காயலாங்கடை!

ஆணியின் படத்தை வரைந்து அச்சடித்த துணி அல்ல இது. கிடந்த இடத்தில் ஆணியே தன் உருவத்தைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு மெல்லக் கரையும். கரைந்த இரும்பு தண்ணீரோடு இழைக்குள் ஊறி, அங்கே ஆக்சிஜனோடு கூடித் தண்ணீரில் கரையாத துருவாகிவிடுகிறது. மேலே ஒட்டிய அழுக்கென்றால் சோப்பு எடுத்துவிடும். உள்ளே போய்க் குடியேறியதை என்ன செய்ய? ரேயான் மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ். தண்ணீரை நன்றாக உறிஞ்சுவதால் இந்த வேலைக்கு வாகானது. ஆனால் இரும்பு நாளடைவில் செல்லுலோஸை இற்றுப்போகவும் செய்யும். எப்போது எடுத்து அலசுவது என்பதில் இருக்கிறது கைப்பக்குவம்.

இரும்பால் துணிக்கு நிறமேற்றுவது ஜப்பானில் புதிதல்ல. அமாமி தீவில் பட்டு நூலை மரச்சாற்றில் தோய்த்து, இரும்புச்சத்துள்ள வயல் சேற்றில் புரட்டிக் கறுப்பாக்குவார்கள். அங்கே இரும்பு சேற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. சுடோவிடம் ஆணி உருவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

நெசவு ஊரான கிரியூவைச் சேர்ந்த ஜுனிச்சி அராயும் சுடோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் 'நுனோ'. ஜப்பானிய மொழியில் நுனோ என்றால் துணி. பெயர் வைக்க அதிகம் யோசிக்கவில்லை போலும்! காகிதம் மடிக்கும் ஓரிகாமிகூட அங்கே துணியாகியிருக்கிறது. பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கும் உருவத்திலேயே நின்றுவிடும். மடித்துச் சூடேற்றி அழுத்தினால், துவைத்தாலும் மடிப்பு கலையாது.

எனக்கு அதிகம் பிடித்தது 'ஷட்டர்' என்ற துணி. தண்ணீரில் கரையும் அடித்துணி ஒன்றின்மேல் நைலான் நாடாக்களை வரிசையாக வைத்துத் தையல் இயந்திரத்தில் தைக்கிறார்கள். பார்வைக்குக் கடைக்கதவின் இரும்புப் பட்டைகள் மாதிரியே இருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு அலசுகிறார்கள். தாங்கி நின்ற அடித்துணி கரைந்து ஓடிவிட, நாடாக்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தையல் நூல் மட்டும்தான்.