கொல்லிமலைக்கு பைக் ட்ரிப்பா? ‘ஓரிரு இடங்களில் மழை’ன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க!

ஏப்ரலில் நாமக்கல் கொதிக்கும்போது, பலரும் வண்டியைத் திருப்புவது கொல்லிமலைக்குத்தான். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும்.

ஆனா, வானிலை மையம் ‘ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை’ என்றால், அசால்ட்டா விடாதீங்க. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்பதே அதன் அர்த்தம். வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, பிற்பகலில் இடிமேகமாகும். அதனால் அந்த ‘ஓரிரு இடம்’ மலையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

காபி விவசாயிக்கு இது செடியைப் பூக்க வைக்கும் மழை. 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டுபவருக்கோ, வழுக்கும் சாலை.

காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிடுங்க. இடி கேட்டால் மரத்தடி வேண்டாம், கட்டடத்துக்குள் ஒதுங்குங்க.