இரண்டு சாம்பல் நிறங்களில் எது நம் சுவருக்கு?

தீபாவளி நெருங்கிவிட்டால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் சாயம் பூசும் பேச்சு தொடங்கிவிடும். வண்ண அட்டையைப் புரட்டும் கணவனும் மனைவியும் ஒவ்வொரு நிறமாகக் கழித்து, கடைசியில் இரண்டு சாம்பல் நிறங்களில் வந்து நிற்பார்கள். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எதுவானால் என்ன என்று ஒன்றை வாங்கிப் பூசிய பிறகுதான், சுவர் நீலமாகத் தெரிகிறதே என்ற வருத்தம் வரும். கலந்து வாங்கிய சாயத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

இதற்குக் காரணம் உண்டு. கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிறம் வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்ததாக இருப்பது அரிது. மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சிறிதளவு சேர்ந்திருக்கும். அதுவே அந்தச் சாயத்தின் அடிநிறம். நீலம் சேர்ந்த சாம்பல் குளிர்ச்சியாகவும், மஞ்சள் சேர்ந்தது இதமாகவும் தோன்றும். இரண்டு அட்டைகளையும் ஒரு வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது புலப்படும்.

அடுத்தது வெளிச்சம். 6,500 கெல்வின் வெள்ளை விளக்கு நீலச் சாயலை எடுத்துக்காட்டும். 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு அதே சுவரை வேறு நிறமாக்கிவிடும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள், இன்னொரு விளக்கில் வேறுபட்டுத் தெரிவதும் உண்டு. எனவே கடை வெளிச்சத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

வீட்டின் அமைப்பும் முக்கியம். ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் முன்னும் பின்னும் மட்டுமே சன்னல் இருப்பதால் நடுப்பகுதி இருண்டிருக்கும். அங்கே அடர்ந்த சாம்பல் மேலும் கறுத்துத் தெரியும். மேற்கு பார்த்த அறையில் மாலை வெயில் சுவரை மஞ்சளாக்கும். சன்னலுக்கு வெளியே மரங்கள் நின்றால் பச்சைச் சாயலும் உள்ளே வரும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. இரண்டு நிறங்களிலும் சிறிய டின் வாங்கி, இரண்டு பெரிய வெள்ளை அட்டைகளில் தனித்தனியே இரண்டு முறை பூச வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் உண்மையான நிறமல்ல. நன்றாகக் காய்ந்த பிறகு அட்டைகளைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, நண்பகல், விளக்கு ஏற்றிய பின் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் வீட்டுச் சண்டையும் ஓயும். பகலில் பார்த்தவர் ஒன்றையும், இரவில் பார்த்தவர் மற்றொன்றையும் விரும்பியிருக்கலாம். இருவர் சொன்னதும் சரியே. வேலைக்குப் போய் இரவில் திரும்புவோருக்கு விளக்கொளியில் பிடிப்பதே பொருத்தம். ஆனால், பகல் முழுவதும் அந்தக் கூடத்திலேயே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அவர்கள் கண்ணுக்குப் பிடித்த நிறத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். சிறிய டின்னுக்குச் செலவாகும் சில வெள்ளி, வீடு முழுவதும் மறுபடி சாயம் பூசும் செலவைத் தவிர்க்கும்.