கடலோர ஊர்ல அலாய் வீல்: காசு போட்டா தாங்குமா?

முதல் கார் எடுக்குறப்போ பாதிப் பேர் மனசு மாறுறது ஷோரூம்ல பளபளன்னு நிக்கிற அலாய் வீலைப் பார்த்துதான். அதுக்காகவே ஒரு வேரியன்ட் மேல போறோம்.

கணக்கைப் பாருங்க. அந்த மேல் வேரியன்ட் 60,000 ரூபாய் கூடுதல்னு வெச்சுக்கோங்க. 9% வட்டி, 7 வருஷ லோன்னா, இ.எம்.ஐ. சுமார் 965 ரூபாய் ஏறும். மொத்தமா கட்டுறது 81,000 ரூபாய். மத்த வசதிகளும் உங்களுக்கு வேணும்னா சரி. வீலுக்காக மட்டும்னா, கார் எங்க நிக்கப்போகுதுன்னு யோசிங்க.

கடியப்பட்டணம் மாதிரி ஊர்ல, அலை சத்தம் கேக்குற முற்றத்துல நிக்கப்போகுதா? அங்க நீங்க காசு கொடுக்குறது அலுமினியத்துக்கு இல்ல, அது மேல இருக்குற மெல்லிய கோட்டிங்குக்கு. நடைபாதைக் கல்லுல ஒரு உரசல் போதும். அந்தக் கீறல் வழியா உப்பு உள்ள போயி, பெயின்ட்டுக்கு அடியில புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு ஓடும். டைமண்ட் கட் வீல்ல இது இன்னும் சீக்கிரம் வரும். ஏன்னா, கடைஞ்ச வெறும் அலுமினியத்து மேல கிளியர் கோட் மட்டும்தான் இருக்கு. கடலோரத்துக்கு முழுசா பெயின்ட் அடிச்ச அலாய்தான் என் சாய்ஸ்.

ஆணி எதுவும் குத்தாம ஒரு டயர்ல மட்டும் வாரா வாரம் காத்து குறையுதா? டயர் உக்காருற விளிம்புல அரிப்பு இருக்கான்னு கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

கழுவுறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. பக்கத்துல மணவாளக்குறிச்சியில கடல் மண்ணுல இருந்து இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் பிரிச்செடுக்குறாங்க. கார்னெட் உப்புத்தாள் செய்யுற கல்லு! அந்த மண்ணு ஒட்டியிருக்குற வீலை காஞ்ச துணியால துடைச்சா என்ன ஆகும்? முதல்ல தண்ணி அடிச்சு மண்ணை இறக்குங்க, அப்புறம் கார் ஷாம்பு. உட்பக்கமும் கழுவணும். வீட்டு போர் தண்ணி கரிச்சா அது வேண்டாம். வீல் சூடா இருக்கும்போது தொடாதீங்க. ஆசிட் கிளீனர் கண்டிப்பா வேண்டாம்.

வெளியில வாங்கிப் போடுறவங்க ஐ.எஸ். 16192 முத்திரை இருக்கான்னு பாருங்க. பி.சி.டி., ஆஃப்செட், சென்டர் போர், தாங்குற எடை நாலும் காருக்குப் பொருந்தணும். வீலோட அளவைக் கூட்டினா டயர் செலவும் கூடும். அலாய் மாட்டினதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி பாலிசியில சேர்த்துடுங்க. நீங்களா போட்டது தானா ஐ.டி.வி.-யில வராது. பிரீமியம் கொஞ்சம் ஏறும், பரவாயில்ல.

ஸ்டீல் வீல் பள்ளத்துல விழுந்து நெளிஞ்சா தட்டி நிமிர்த்திடலாம். அலாய் விரிசல் விட்டா மாத்தித்தான் ஆகணும். வெல்டிங் வெச்சு ஓட்டுறது உயிரோட விளையாடுறது.

இன்னொண்ணு, பழைய ஸ்டீல் வீல் நாலையும் இரும்புக் கடைக்குத் தள்ளிடாதீங்க. காரை விக்கிறப்போ அதைத் திரும்ப மாட்டிட்டு, அலாய் செட்டைத் தனியா வித்துக்கலாம்.