தேவைக் கோடும் வரத்துக் கோடும்

படத்தையும் ஒலியையும் எழுத்தையும் ஒன்றாகக் கோத்து, இன்ன விநாடியில் இன்னது தோன்ற வேண்டும் என்று கிரமப்படுத்தி, தொலைபேசிக் கம்பி வழியாகவே வீடுகளுக்கு அனுப்பிவிடலாம் என்ற ஆசை 1990-களின் நடுவில் எழுந்தபோது, அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றது கணினியின் திறமைக் குறைவன்று, கம்பியின் கொள்ளளவே ஆகும். ஒரு விநாடியில் ஒரு பாதை எத்தனை பிட்டுகளைச் சுமக்க வல்லது என்னும் அளவை அத்துறையினர் பேண்ட்வித் என்கிறார்கள். சி.டி.யில் பதிவான சங்கீதத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்புவதற்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும்; சலனப் படத்தைச் சுருக்கி அடக்குவதற்கென்றே வகுக்கப்பட்ட எம்பெக்-1 முறைக்கும் சுமார் 1,500 கிலோபிட் வேண்டும்; அந்நாளில் வீட்டு மோடத்துக்கு வாய்த்ததோ 28.8 கிலோபிட், 1998-இல் வந்த வி.90 தரத்தின்படி மிஞ்சிப்போனால் 56 கிலோபிட். தேவைக்கும் வசதிக்கும் இடையே ஐம்பது மடங்கு வித்தியாசம் இருந்த அந்தக் காலத்தில், உள்ள கொள்ளளவை எப்படிப் பங்கிடுவது என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் பொருட்டுச் சில வரைபட உபாயங்கள் பிறந்தன. கம்பிகள் அகன்றுவிட்ட இந்நாளில் அவை பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன. மறக்கத் தகாதவை என்பது என் அபிப்பிராயம்.

மின்னஞ்சல் ஒன்று ஐந்து நிமிஷம் தாமதித்து வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேசிக்கொண்டிருக்கும் குரலின் ஒரு துண்டு அரை விநாடி பிந்தி வந்தாலோ அது வந்தும் பிரயோஜனமில்லை, ஏனெனில் அது ஒலிக்க வேண்டிய தருணம் கடந்துவிட்டது. ஆகவே பல்லூடகத்தை அனுப்புகிறவன் கேட்க வேண்டிய கேள்வி, மொத்தம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதைக் காட்டிலும், எது எந்நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே. நேரமும் பாதையும் சம்பந்தப்பட்ட இத்தகைய சிக்கல்களைக் கோடு போட்டுத் தீர்க்கும் வழக்கம் கணினிக்கு வெகுகாலம் முந்தியது. பிரெஞ்சு உடலியல் அறிஞரான எத்தியேன்-ழூல் மாரே, வரைபட முறையைப் பற்றிய தம் நூலின் 1885-ஆம் வருஷப் பதிப்பில், பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடிய ரயில்களின் கால அட்டவணையை, இப்ரி என்னும் பொறியாளரின் முறைப்படி, ஒரே படமாக அச்சிட்டார். கிடைமட்டத்தில் மணி, நெடுக்கில் ஊர்கள், ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு சாய்கோடு. கோடு எவ்வளவு செங்குத்தோ ரயில் அவ்வளவு வேகம். இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரு ரயில்கள் எதிர்ப்படும். பக்கம் பக்கமாக எண்களைப் புரட்டி அறிய வேண்டியதை ஒரே பார்வையில் அறிவித்த அந்தப் படத்தின் தத்துவமே, நூறு வருஷங்களுக்குப் பின் வேறொரு பாதைக்கும் பொருந்தியது.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள சி.டபிள்யு.ஐ. என்னும் கணித, கணினியியல் ஆராய்ச்சி நிலையத்தில், லிண்டா ஹார்ட்மன், டிக் புல்டர்மன், பைதான் மொழியை உருவாக்கிய கிடோ வான் ராசம் ஆகியோர் சேர்ந்து, பல்லூடகப் படைப்புகளைக் கட்டமைப்பதற்கான ஒரு கருவியைப் பற்றி 1993-இல் எழுதினார்கள். அதில் ஒலிக்கு ஒரு தடம், படத்துக்கு ஒரு தடம், எழுத்துக்கு ஒரு தடம் என்று பிரித்து, ஒவ்வோர் உருப்படியையும் அது நீடிக்கும் காலத்துக்கு ஏற்ற நீளமுள்ள கட்டமாக வரைந்து காட்டினார்கள். எது எதனோடு சேர்ந்து வருகிறது, எது முடிந்தபின் எது தொடங்குகிறது என்பது படிக்காமலே தெரிந்தது. அந்த வழியில் வந்ததே கிரின்ஸ் என்னும் மென்பொருள். 1998 ஜூன் மாதம் டபிள்யு3சி அமைப்பு ஸ்மைல் என்ற பல்லூடக மொழிக்குத் தரம் வகுத்தபோது, அம்மொழியில் எழுதுவதற்கும் எழுதியதை ஓட்டிப் பார்ப்பதற்கும் கிரின்ஸ் பயன்பட்டது. கட்டங்களோடு கூட, ஒவ்வொரு கணத்திலும் கம்பியின் கொள்ளளவில் எவ்வளவு செலவாகிறது என்பதைக் காட்டும் ஒரு பட்டையையும் அதில் வரவழைத்துப் பார்க்கலாம். ஸ்மைல் மொழியிலேயே ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது: கம்பியின் வேகம் இவ்வளவுக்கு மேலிருந்தால் பெரிய படத்தைக் காட்டு, இல்லையேல் சிறியதைக் காட்டு என்று படைப்பாளியே முன்கூட்டி எழுதி வைத்துவிடலாம். பழைய கைபேசிகளில் படத்தோடு வந்த எம்.எம்.எஸ். செய்திகளுக்குள்ளும் இந்த மொழியின் ஒரு சுருங்கிய வடிவமே இருந்தது.

பட்டைப் படம் பயனுள்ளதுதான். ஆனால் நெரிசல் எங்கே என்று சொல்லுமேயன்றி, அதை எப்படி நீக்குவது என்று அது சொல்லாது. அதைச் சொல்லுகிற படம் வேறொன்று உண்டு. அதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும்.

இருதயத்தின் இயக்கத்தை விளக்கும் ஒரு நிமிஷப் பாடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்கவுரை விநாடிக்கு 16 கிலோபிட் வீதம் இடைவிடாமல் ஓடுகிறது. தொடக்கத்திலேயே 400 கிலோபிட் கொண்ட முதற்படம். 20-ஆவது விநாடியில் அதே அளவில் இரண்டாம் படம். 30-ஆவது விநாடியில் 800 கிலோபிட் கொண்ட பெரிய மூன்றாம் படம். கம்பி சுமப்பது விநாடிக்கு 50 கிலோபிட். ஒலிக்கு 960, படங்களுக்கு 1,600, ஆக மொத்தம் 2,560 கிலோபிட்; ஒரு நிமிஷத்தில் கம்பி சுமக்கக்கூடியதோ 3,000. சராசரியைப் பார்ப்பவர் பாடம் தாராளமாகப் போய்ச் சேரும் என்றே சொல்லுவார். ஆனால் 30-ஆவது விநாடிக்குள் வந்திருக்க வேண்டியது மூன்று படங்களும், அதுவரையிலான ஒலி 480-உம் சேர்ந்து 2,080 கிலோபிட். அதற்குள் கம்பி கொணர்ந்திருப்பது 1,500. ஆகவே மூன்றாம் படத்தைப் பற்றி ஆசிரியர் பேசத் தொடங்கும்போது அப்படம் பாதி வழியில் இருக்கும்; மாணவன் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதைத் தாளில் வரைந்து பாருங்கள். கிடைமட்டத்தில் நேரம், நெடுக்கில், அந்நேரம் வரையில் வந்திருக்க வேண்டிய பிட்டுகளின் கூட்டுத்தொகை. ஒலியினால் மெதுவாக ஏறியும், ஒவ்வொரு படத்துக்கும் படிபோல் எழும்பியும் செல்லும் ஒரு கோடு கிடைக்கும். அது தேவைக் கோடு. கம்பி கொணர்வது விநாடிக்கு 50 வீதம் ஏறும் ஒரு நேர்கோடு. அது வரத்துக் கோடு. வரத்துக் கோடு எங்கெல்லாம் தேவைக் கோட்டுக்குக் கீழே போகிறதோ அங்கெல்லாம் பாடம் தடைப்படும். வரத்துக் கோட்டின் சாய்வை மாற்றாமல் அதை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால், ஓரிடத்தில் அது தேவைக் கோட்டுக்கு மேலே முழுதும் ஏறிவிடும். அப்படித் தள்ளிய தூரமே, பாடத்தைத் தொடங்குமுன் மாணவன் காத்திருக்க வேண்டிய நேரம். நம் உதாரணத்தில் அது ஏறத்தாழ 12 விநாடி. அதைவிட முக்கியமானது, இரு கோடுகளும் தொட்டுக்கொள்ளும் இடம். அது மூன்றாம் படத்தின் படி. குற்றவாளி எது என்பதைப் படமே சுட்டிக் காட்டிவிடுகிறது! அந்தப் படத்தை 30-ஆவது விநாடியிலிருந்து 36-ஆவது விநாடிக்குத் தள்ளிவைத்து, இடையில் ஆசிரியர் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசுவாரேயானால், காத்திருக்கும் நேரம் 8 விநாடியாகக் குறைகிறது. படத்தின் தெளிவில் ஓர் அணுவும் குறையவில்லை. பிறகு தடையாக நிற்பது முதற்படம். அதைப் பாதியாகச் சுருக்கலாமா, அல்லது முதலில் வெறும் தலைப்பெழுத்தைக் காட்டிவிட்டுப் படத்தைப் பின்னால் கொணரலாமா என்று அடுத்தபடியாக யோசிக்கலாம்.

இவ்விதம் கூட்டிக்கொண்டே போகும் கோட்டை முதலில் போட்டவர்கள் கணினிக்காரர்கள் அல்லர், நீர்ப்பாசன, குடிநீர்ப் பொறியாளர்கள். ஆற்றில் மாதந்தோறும் வரும் நீரைக் கூட்டிக் கூட்டி ஒரு வளைகோடாக வரைந்து, ஊருக்கு வேண்டிய நீரை ஒரு நேர்கோடாக அதனோடு ஒப்பிட்டு, நீர்த்தேக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தால் கோடையிலும் தண்ணீர் தட்டாது என்று கண்டுபிடிக்கும் முறையை, ரிப்பில் என்னும் பொறியாளர் 1883-இல் லண்டன் சிவில் பொறியாளர் நிறுவனத்தின் வெளியீட்டில் விளக்கினார். அங்கே வரத்து ஏறி இறங்குவது, தேவை சீரானது. பல்லூடகத்திலோ வரத்து சீரானது, தேவைதான் ஏறி இறங்குவது. மற்றபடி கணக்கு ஒன்றே. பெறுபவரின் கணினியில் முன்கூட்டி வந்து சேர்ந்து காத்திருக்கும் பிட்டுகளுக்கு பஃபர் என்று பெயர். நீர்த்தேக்கத்தின் வேலையைச் செய்வது அதுவே.

சினிமாப் படங்களில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் உக்கிரமானது. அசையாத முகம் ஒன்று பேசிக்கொண்டிருக்கும் காட்சி எளிதில் சுருங்கும். போர்க்களமோ, ஓடும் கூட்டமோ சுருங்க மறுக்கும். பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்க் காரெட், ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் முழுவதையும் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சுருக்கி அளந்து, வால்டர் வில்லிங்கருடன் சேர்ந்து 1994-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். சராசரி ஃப்ரேம் சுமார் 28,000 பைட் இருக்க, மிகப் பெரியது சுமார் 78,000 பைட் இருந்தது. உச்சத்துக்கு ஏற்பக் கம்பியை ஒதுக்கினால் பெரும்பகுதி வீணாகும். சராசரிக்கு ஏற்ப ஒதுக்கினால் போர்க்களத்தில் படம் நின்றுவிடும்.

இதற்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் சலேஹி, ழி-லி ழாங், ஜேம்ஸ் குரோஸ், டான் டௌஸ்லி ஆகிய நால்வர் 1996-இல் கண்ட விடை, இத்துறையிலேயே அழகானதென்று நான் கருதுவது. தேவைக் கோடு ஒன்று இருக்கிறதல்லவா? அதற்கு மேலே, பெறுபவரின் நினைவகம் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு உயரத்தில், இன்னொரு கோட்டை வரையுங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் படம் தடைப்படும். மேற்கோட்டுக்கு மேலே போனால் பஃபர் நிரம்பி வழிந்து வந்தவை வீணாகும். இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள வளைந்த சந்தின் வழியே, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நூலை விட்டு இறுக இழுத்தால், அந்த நூல் வளைய வேண்டிய இடங்களில் மட்டும் வளைந்து, மற்ற இடங்களிலெல்லாம் நேராக நிற்கும். அதுவே அனுப்ப வேண்டிய கிரமம். அதன் சாய்வே அந்தந்த நேரத்தின் வேகம். இதைவிடக் குறைந்த உச்ச வேகத்திலோ, இதைவிடச் சீராகவோ அந்தப் படத்தை அனுப்ப இயலாது என்பதை அவர்கள் கணித ரீதியாகவே நிரூபித்தார்கள். நீரியல் பொறியாளர்கள் தங்கள் வரைபடங்களில் கையாண்ட இழுத்த நூல் விதியும் இதுவே.

இன்று இந்தக் காரியங்களையெல்லாம் ஓட்டும் மென்பொருளே மறைவாகச் செய்துகொள்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொணர்ந்த எச்.எல்.எஸ். முறையிலும், 2012-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டாஷ் முறையிலும், படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் காத்திருக்கிறது. எந்தத் தரத்தை எடுப்பது என்று பெறும் கருவி துண்டுக்குத் துண்டு தீர்மானிக்கிறது. கம்பியின் வேகத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு, பஃபரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையே முக்கியமாகப் பார்த்துத் தரத்தைத் தேர்ந்தால் போதும் என்று டெ-யுவான் ஹுவாங்கும் அவருடைய சகாக்களும் நெட்ஃபிளிக்ஸில் சோதித்துப் பார்த்ததில், படம் நின்றுபோகும் தொல்லை 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2014-இல் தெரிவித்தார்கள். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது, ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் தன் போக்குவரத்தைக் கால் பங்கு குறைத்துக்கொண்டதும், இந்தியாவில் படம் வழங்கும் நிறுவனங்கள் கைபேசி வலையில் 480பி தரத்துக்கு மேல் அனுப்புவதில்லை என்று சிறிது காலம் உடன்பட்டதும், தரங்கள் முன்கூட்டியே அடுக்கி வைக்கப்பட்டிருந்ததனாலேயே எளிதில் சாத்தியமாயின. யூட்யூப் திரையின் அடியில் சிவப்புக் கோட்டுக்கு முன்னே நீளும் சாம்பல் நிறக் கோடு, பழைய தேவை, வரத்துப் படத்தின் எஞ்சிய ஒரு துணுக்கு. ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற பலகையைத் திறந்தால், இணைப்பின் வேகமும் பஃபரின் இருப்பும் கணத்துக்குக் கணம் வரையப்படுவதைக் காணலாம்.

சினிமாவுக்கு இந்தத் தானியங்கி ஏற்பாடு மிகவும் தக்கதே. ஆனால் எல்லாவற்றுக்கும் தக்கதென்று நான் ஒப்பமாட்டேன். வேகம் குறைந்தவுடன் இயந்திரம் செய்யத் தெரிந்தது படத்தை மங்கலாக்குவது ஒன்றே. மங்கினாலும் பாதகமில்லாத ஆசிரியரின் முகத்தையும், மங்கினால் பாடமே கெட்டுப்போகும் கரும்பலகையையும், தேசப்படத்தையும், மருந்தின் அளவைக் காட்டும் அட்டவணையையும் அது ஒரே விதமாக மங்கச் செய்யும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்ற விவேகம் படைப்பவனுக்கு மட்டுமே உரியது. அந்த விவேகத்தைப் பிரயோகிப்பதற்கான சாதனமாகவே கிரின்ஸின் பட்டையும், ஸ்மைலின் இருவழி ஏற்பாடும், கூட்டுத்தொகைக் கோடும் அமைந்திருந்தன. கம்பி அகன்றதும் அந்தச் சாதனங்களை நாம் கீழே வைத்துவிட்டோம். மலைக் கிராமங்களிலும், ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளிலும், நெரிசல் மிகுந்த மாலை நேரங்களிலும் பாதை இன்னமும் குறுகலாகவே இருக்கிறது.

ஆகையால் இணையத்தின் வழியே பாடமோ, சுகாதார அறிவுரையோ, வேளாண்மைச் செய்தியோ தயாரிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் அலுவலகத்து இணைப்பில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். உங்கள் கேட்போரில் மிகவும் மெதுவான இணைப்பு உடையவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய வேகத்தைச் சாய்வாகக் கொண்டு ஒரு வரத்துக் கோடு போடுங்கள். உங்கள் படங்களின் அளவுகளைக் கூட்டித் தேவைக் கோட்டையும் அதன்மேல் வரையுங்கள். ஒரு வரைதாளும் அளவுகோலும் கால் மணி நேர அவகாசமும் இதற்குப் போதும். இரு கோடுகளும் எங்கே தொடுகின்றனவென்று பார்த்து, அங்குள்ள படத்தைச் சற்றுப் பின்தள்ளியோ சிறிதாக்கியோ விட்டு, அதன் பிறகு வெளியிடுங்கள்.