ஆற்றின் எல்லையை அறிவோம்

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பர் நம் பெரியோர். அணை இருந்தும் வெள்ளத்திற்குத் தப்பாத நகரம் நாம் வாழும் புனே. 1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், கட்டிமுடியும் தறுவாயிலிருந்த பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அந்நீரின் வேகம் தாங்காது கீழிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா நதிக்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின.

அது முட்டா நதியின் கதை. கட்கியில் வாழும் நமக்கென்ன என்று எண்ணலாகாது. நம் அருகே ஓடுவது முளா நதி. முளஷி அணையில் மிகும் நீர் இதில்தான் திறந்துவிடப்படுகிறது. பவனா நதியும் தாபோடிப் பக்கம் இதனோடு கூடுகிறது. சற்றுக் கீழே சங்கமத்தில் முட்டா வந்து சேர்கிறது. மூன்றும் ஒருங்கே பெருகும் நாளில் தாழ்ந்த கரையோரத் தெருக்களுக்கு ஆபத்து நிச்சயம்.

அணை திறவாவிடினும் வெள்ளம் வரலாம். 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, சில மணி நேரம் கொட்டிய மழையில் காத்ரஜ் பக்கமிருந்து வரும் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்தது. புனே வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓடை சிறிதுதான், அதன் இடத்தைச் சுவர்களும் கட்டடங்களும் நெருக்கியிருந்தன.

நம் நாட்டு ஏரிகளை அமைத்த முன்னோர், மிகுநீர் வெளியேறக் கலிங்கு வைத்தனர். அந்நீர் செல்லும் வழியையும் திறந்தே வைத்தனர். நகர அமைப்பின் முதற்பாடமும் அதுவே. மகாராஷ்டிர அரசின் விதிகளில் ஆற்றோரத்திற்கு இரு கோடுகள் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கொரு முறை வரத்தக்க வெள்ளத்தின் எல்லை நீலக்கோடு. அதற்குள் வீடு கட்டலாகாது. நூறாண்டு வெள்ளத்தின் எல்லை சிவப்புக்கோடு. இரண்டிற்கும் இடையே கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

நம்மவரில் பலர் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டே வீடு வாங்குகின்றனர். விலை மலிவென்று முன்பணம் கொடுக்குமுன், மனை எக்கோட்டிற்குள் உள்ளதென்று நகராட்சி வரைபடத்தில் பாருங்கள். குடியிருப்போர் பத்திரங்களை உயரத்தில் வையுங்கள். நாலாவில் குப்பை கொட்டாதீர்கள்; பிறர் அடைத்தால் கூடிச்சென்று முறையிடுங்கள்.

பிழைக்க வந்த ஊரில் நாம் ஓரிடம் தேடுவது இயல்பே. அது ஆற்றுக்கு உரிய இடமாக இராமற் பார்த்துக்கொள்வோம்.